ஒன்பதிலிருந்து சுழிக்கு

கம்பத்தின் அடியில் ஓர் இரும்புக் கதவு.
திறந்தால் மூன்று கைப்பிடிகள்.
ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சங்கிலி
ஏழு மீட்டர் மேலேறி
ஒரு துணிப்பட்டையை உருட்டும்.
பட்டையில் சுழி முதல் ஒன்பது வரை,
எந்தப் பெயின்டரோ கையால் எழுதியவை.
நடுப்பட்டையின் நான்குக்கு மட்டும் கால் கோணல்.

செய்தவன் சிக்கனக்காரன்.
பட்டையை வளையமாகத் தைக்கவில்லை.
ஒன்பதோடு துணி முடிந்துவிடும்.
ஒன்பதுக்கு அடுத்த சுழி வேண்டுமென்றால்
எட்டு, ஏழு, ஆறு என்று
வந்த வழியே திரும்பி இறங்க வேண்டும்.
ஏறுவதற்காக இறங்கும் அந்த அரை நிமிடம்
பலகை பொய் சொல்லும்.
சொல்லிவிட்டுப் போகட்டும்,
கொமொதோரோவுக்குத் தெற்கே அறுபது கிலோமீட்டரில்
காற்றைத் தவிர யார் பார்க்கிறார்கள்?

அந்த ஜூன் மாதக் குளிரில்
வாரத்துக்கு மூன்று முறை மாற்றினேன்,
பிறகு தினமும்.
முதலாளி இபார்லுசேயா தொலைபேசியில்
எண்ணை மட்டும் சொல்லி வைத்துவிடுவார்.
வணக்கம் சொல்லும் நேரத்தில்
அதுவும் பழையதாகிவிடும் என்ற பயம்.

புதன்கிழமை இரவு பதினொன்றரை.
நூற்றுத் தொண்ணூற்றொன்பது
இருநூற்று அறுபதாக வேண்டும்.
எப்போதும்போல் வலதிலிருந்து தொடங்கினேன்.
ஒன்பது சுற்றுப் பின்னால், சுழி.
நடுவில் மூன்று சுற்று, ஆறு.
இடது கைப்பிடியில் கை வைத்தேன்.
ஒரே ஒரு சுற்று பாக்கி.

அதற்குள் ஒரு பிக்கப் வண்டி
தார்ச்சாலையில் தேய்த்துக்கொண்டு நின்று
பின்னால் வந்து திரும்பியது.
இறங்கியவன் பெயர் எவரிஸ்தோ கிலோத்ரான்.
வண்டியில் கால் கட்டிய இரண்டு செம்மறிக் கடாக்கள்.
அண்ணாந்து பார்த்தபடியே நடந்து வந்தான்,
தொப்பி விழுந்ததுகூடத் தெரியாமல்.
‘இறங்குகிறதே’ என்றான்.
‘தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வருகிறேன்,
ஒன்று ஒன்றாக இறங்குகிறதே!’

அது விலை இல்லை, வழியில் இருக்கிறது என்றேன்.
என் சட்டைப் பையில் தைத்திருந்த பெயரைப் படித்தான்.
‘நெலிதா அம்மா, நானும்
வழியில்தான் இருக்கிறேன்’ என்றான்.

கதவைத் திறந்து
சங்கிலிகளையும் கைப்பிடிகளையும் காட்டினேன்.
குனிந்து பார்த்தான். புரிந்துகொண்டான்.
முகத்தில் ஏதோ அணைந்தது,
கடையை மூடும்போது
கடைசி விளக்கு அணைவதுபோல.
‘சரி, சுற்றுங்கள்’ என்றான்.

சுற்றவில்லை.
ஏனென்று இபார்லுசேயாவும் கேட்டார்,
அவருக்கும் என்னிடம் பதில் இல்லை.
கை விறைத்திருந்தது என்று சொல்லலாம்.
கடாக்களில் ஒன்று இருமியது என்றும் சொல்லலாம்.
நூற்று அறுபது வீதம் நாற்பது லிட்டர் ஊற்றினேன்.
கணக்குப் புத்தகத்தில் எழுதினேன்:
பலகையில் இருந்த விலைக்கு.
அவன் பின்விளக்கு மறைந்த பிறகு
அந்த ஒரு சுற்றைச் சுற்றினேன்.

வித்தியாசத்தைச் சம்பளத்தில் பிடித்தார்கள்.
சம்பளம் வந்த நாளில் அந்தத் தொகைக்கு
ஒரு ஜோடி காலுறை கிடைத்திருக்கும்,
அதுவும் காலையில் போயிருந்தால்.

இனி இடதிலிருந்து சுற்ற வேண்டும் என்பது உத்தரவு.
பெரிய இலக்கம் முதலில் ஏறும்,
மற்றவை பிறகு ஆறுதலாக இறங்கும்.
பலகை இப்போதும் அரை நிமிடம் பொய்தான் சொல்கிறது,
கூட்டிச் சொல்கிறது.
அதைக் கேட்டு யாரும் வண்டியைத் திருப்புவதில்லை.

ஆகஸ்டில் மூன்று பட்டைகள் போதவில்லை.
நான்காவதுக்குப் பெயின்டர் சொன்ன கூலி
மாலை ஆறு மணிவரை செல்லும் என்றான்.
ஏழு மணிக்கு நானே
ஒரு தகரத்தில் ஒன்று எழுதி
ஏணி வைத்து ஏறி
கம்பியால் கட்டிவிட்டு வந்தேன்.
அதற்குக் கைப்பிடி கிடையாது.
இரவெல்லாம் காற்றில்
கம்பத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.